விரத நாளில் அந்தப் பயம் எங்கே போகிறது?

(உலக புகையிலை எதிர்ப்பு நாளையொட்டிக் கண்டாவளையில் ஊர்மக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மே 31 வந்தால் நாடு முழுக்கக் கூட்டம் நடக்கும். பதாகை கட்டுவார்கள். பாடசாலைப் பிள்ளைகள் ஊர்வலம் போவார்கள். கறுத்துப்போன சுவாசப்பையின் படத்தைப் பெரிதாக்கி மேடைக்குப் பின்னால் தொங்கவிடுவார்கள். இந்த மேடைக்கு அப்படி ஒரு படம் வேண்டாம் என்று கூட்டத்தை ஒழுங்குசெய்த பிள்ளைகளிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன். புகைக்கிற ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால் பயப்படுகிறார். பயந்தால் நெஞ்சு படபடக்கிறது. நெஞ்சு படபடத்தால் அவருடைய கை எங்கே போகும்? சேட்டுப் பொக்கற்றுக்குத்தான் போகும்.

சிகரெட் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பது இங்கே இருக்கிற யாருக்குத் தெரியாது? 2015ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் நோயின் படத்தை அச்சிட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் இலேசில் வரவில்லை. சிகரெட் கம்பனி நீதிமன்றம் போனது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் படத்தின் அளவைக் குறைத்தது. அதன் பிறகு பாராளுமன்றத்தில் சட்டத்தையே திருத்தித்தான் 80 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கண்டாவளையிலும் முரசுமோட்டையிலும் தருமபுரத்திலும் பெட்டியாக வாங்குகிறவர் எத்தனை பேர்? கடையில் ஒன்று இரண்டாகத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். படம் கடை மேசையிலேயே கிடக்கிறது, சிகரெட் மட்டும் வயலுக்குப் போகிறது.

ஆகவே சாவுப் பயத்தைப் பற்றி இன்றைக்கு நான் பேசப்போவதில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. விடுவதைப் பற்றிய பயம். சாவுப் பயம் தூரத்தில் நிற்கிறது, இருபது வருடம் கழித்து வரலாம், வராமலும் போகலாம் என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்ளும். விடுகிற பயமோ நாளைக் காலை பிளேன்ரீ குடித்து முடித்ததும் வந்து நிற்கும். கிட்ட நிற்கிற பயம்தான் எப்போதும் வெல்லும்.

வன்னியில் சுகாதாரப் பணியில் இருந்த காலம் முழுக்க நான் பலரிடம் கேட்ட கேள்வி ஒன்று: ஏன் இன்னும் விடவில்லை? அவர்கள் சொன்னதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே சொல்கிறேன். “விட்டா எனக்கு விசர் பிடிச்சிடும் ஐயா, பிள்ளையளைப் போட்டு அடிச்சிடுவன்.” “இரவு வயல் காவலுக்கு இதில்லாமல் எப்பிடி முழிச்சிருக்கிறது?” “இதைப் பத்தாட்டிக் காலமை வெளிக்குப் போகாது.” “முப்பது வருசப் பழக்கம், திடீரெண்டு விட்டா உடம்பு தாங்காது.” பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒருவர் சொன்னது: “எல்லாம் போட்டுது. இது ஒண்டுதான் மிச்சம். இதையும் விடச் சொல்லுறியளோ?”

அந்தக் கடைசிப் பேச்சுக்கு அன்றைக்கு உடனே மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு நான் சொல்லவருவதில் பெரும்பகுதி அவருக்கான மறுமொழிதான்.

2015இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஆண்களில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ மூவர் புகைத்தார்கள். பெண்களில் ஆயிரத்துக்கு ஒருவர். ஆக, இது பெரும்பாலும் ஆண்களின் பயம். எங்கள் ஆண்கள் பயம் என்ற சொல்லை வாயால் எடுக்க மாட்டார்கள். “சிறுபோகம் முடியட்டும்” என்பார்கள். “மூத்தவளின்ர கலியாணம் முடியட்டும்” என்பார்கள். “நினைச்சா நாளைக்கே விடுவன்” என்பார்கள். இவையெல்லாம் அந்தப் பயம் போட்டுக்கொள்கிற சட்டைகள்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு இழுவை இழுத்தால் பத்து, இருபது விநாடிக்குள் நிக்கொட்டின் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. ஊசி மருந்தைவிட வேகம். போனவுடன் ஒரு இதம். பிறகு இரத்தத்தில் அது குறையத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகிவிடுகிறது. குறையக் குறைய மூளை அந்தரப்படுகிறது. எரிச்சல் வருகிறது, ஒன்றிலும் மனம் நிற்கவில்லை, சும்மா கேட்ட பிள்ளையின் மேல் பாய்கிறோம். அடுத்ததைப் பத்தியவுடன் அந்த அந்தரம் அடங்குகிறது. “பாத்தியா, சிகரெட்தான் என்னைச் சாந்தப்படுத்துது” என்று மனம் கணக்கு எழுதிவைக்கிறது. அந்தரத்தைக் கொண்டுவந்ததே இதற்கு முந்தின சிகரெட் என்பது அந்தக் கணக்கில் வருவதேயில்லை.

யுத்தத்துக்குப் பிறகு வன்னிக்குள் வந்த நுண்கடனை எங்கள் தாய்மார் மறக்க மாட்டார்கள். முதல் கடனின் தவணையைக் கட்ட இரண்டாவது கடன், இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. ஒவ்வொரு முறையும் கடன் தந்தவர் ஆபத்தில் கைகொடுத்தவர் போலவே தெரிவார். சிகரெட் தருகிற ஆறுதல் இந்தக் கணக்கைச் சேர்ந்தது. புகைக்காத ஒருவர் எந்தத் தவணையும் இல்லாமல் காலையில் எழும்புகிறார். அவர் இருக்கிற அந்தச் சாதாரண நிலைக்கு வந்துசேரத்தான் புகைக்கிறவர் நாளுக்குப் பத்துத் தரம் காசு கட்டுகிறார்.

இனி நான் சொல்லப்போவதை எந்த வைத்தியப் புத்தகத்திலும் தேடத் தேவையில்லை. உங்கள் வீடுகளில் நடப்பதுதான். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு விரதம் பிடிக்கிறீர்கள். பங்குனி உத்தரத்தில் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்குகிறீர்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் இருக்கிறவர்கள் இங்கே பலர். இப்போது ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களும் எங்கள் பக்கத்தில் கூடிவிட்டார்கள். நாளுக்கு ஒரு பெட்டி முடிக்கிற மனிதர் மாலை போட்டால் 41 நாளுக்குச் சிகரெட்டைத் தொடுவதில்லை. கடைக்கு முன்னால் போகிறார், கூட்டாளிகள் பத்துகிற இடத்தைத் தாண்டிப் போகிறார், வயலுக்குப் போகிறார், இரவுக் காவலுக்கும் போகிறார். விசர் பிடிக்கவில்லை. பிள்ளைகளை அடிக்கவில்லை. உடம்பு தாங்குகிறது. எங்கள் முஸ்லிம் சகோதரர்கள் நோன்பு மாதத்தில் விடியமுன்னிருந்து பொழுதுபடும்வரை தண்ணீரும் இல்லாமல், புகையும் இல்லாமல் வேலை செய்கிறார்கள்.

அந்தப் பயம் விரத நாளில் எங்கே போகிறது?

“அது சாமிக்குப் பயந்து” என்று இலேசாகச் சொல்லிவிடலாம். அது முழுமையான மறுமொழி அல்ல. இஸ்ரேலில் ருவென் டார் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆய்வுகளைச் சொல்கிறேன். கடும் மத ஒழுக்கமுள்ள யூதர்கள் சனிக்கிழமை நெருப்பு மூட்டக் கூடாது. ஆகவே புகைக்கவும் முடியாது. அன்றைக்கு அவர்களுக்கு வருகிற தவனத்தையும், வேலைநாள் ஒன்றில் ஆய்வுக்காகப் புகைக்காமல் இருக்கச் சொன்னபோது வந்த தவனத்தையும் ஒப்பிட்டார்கள். ஆள் அதே ஆள், நிக்கொட்டினும் அதே நிக்கொட்டின். சனிக்கிழமையில் தவனம் குறைவு. வேலைநாளில் அதிகம். பிறகு 2010இல் வெளியான இன்னொரு ஆய்வில் விமானப் பணியாளர்களைப் பார்த்தார்கள். சில மணித்தியாலத்தில் முடிகிற பயணம் ஒன்று, பத்து மணித்தியாலத்துக்கு மேல் போகிற பயணம் ஒன்று. குறுகிய பயணத்தில் விமானம் இறங்கப்போகிற நேரத்தில் தவனம் உச்சிக்கு ஏறியது. நீண்ட பயணத்தில், அதேயளவு நேரம் புகைக்காமல் இருந்தும், அந்தக் கட்டத்தில் அவ்வளவு தவனம் இல்லை. அங்கேயும் இறங்குகிற நேரம் கிட்டக் கிட்டத்தான் ஏறியது. எத்தனை மணித்தியாலமாக இல்லை என்பதைவிட, எப்போது கிடைக்கும் என்ற எண்ணமே தவனத்தைக் கூட்டியது.

விரதத்தின் பலம் இதுதான். கதவு பூட்டியாயிற்று. “பத்துவமா, வேண்டாமா” என்ற பேச்சுக்கே இடமில்லை. மற்ற நாட்களில் விட முயற்சிக்கிறவர் ஒரு மணித்தியாலத்துக்குப் பத்துத் தரம் அந்த வழக்கை மனத்துக்குள் எடுத்து விசாரிக்கிறார். விசாரித்து விசாரித்தே களைத்துப்போய்த் தீர்ப்பை மாற்றிவிடுகிறார். விரதகாரருக்கு அந்த வழக்கு இல்லை. அதோடு வீடும் அவரோடு சேர்ந்து மாறுகிறது. மனைவி சட்டி பானையை வேறாக்குகிறார். பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கிறார்கள். கூட்டாளி கையில் இருப்பதை மறைத்துக்கொண்டு “சாமி” என்று ஒதுங்குகிறார். ஊரே அவருக்குக் காவல்.

விரதத்துக்கு ஒரு பலவீனமும் உண்டு. அது முடிகிற நாள் முன்கூட்டியே தெரியும். மாலை கழற்றிய அன்றே கடைக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மனம் மிகவும் நொந்துபோகும், ஏனென்றால் அவர்கள் ஆற்றைக் கடந்து முடித்தவர்கள். நிக்கொட்டின் இல்லாத அந்தரம் முதல் இரண்டு, மூன்று நாளில்தான் மிகக் கடுமை. பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு கிழமைக்குள் அடங்கிவிடும். 41 நாள் முடிந்தவருடைய உடம்பு சிகரெட்டைக் கேட்கவில்லை. பழைய இடமும், பழைய நேரமும், பழைய ஆட்களும்தான் கேட்கின்றன. நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதைச் செய்து முடித்துவிட்டீர்கள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இன்றைக்கு நான் சொல்கிறேன்.

இப்போது அந்த மனிதருக்கு வருகிறேன். எல்லாம் போட்டுது, இது ஒண்டுதான் மிச்சம் என்றவருக்கு.

2009 ஜனவரியில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் கிழக்கே போன சனம் எதை எதை விட்டுப் போனது, யார் யாரைப் பறிகொடுத்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழே இருந்து மறுபடி தொடங்கினவர்கள் நீங்கள். மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் எங்கள் வடக்கின் காயத்தைப் பற்றிப் பல்லாண்டு எழுதிவருகிறார். ஆளாளுக்கு வருகிற காயத்தோடு இது நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன என்பது அவர் வலியுறுத்துவது. அப்படிக் காயப்பட்ட ஊரில், இரவு நித்திரை வராமல் திண்ணையில் இருந்து ஒரு பீடியைப் பத்துகிறவரைப் பார்த்து “உனக்கு அறிவில்லையா” என்று கேட்க எனக்கு மனம் வராது. அந்தப் பீடி அவருக்குத் துணை. அந்தத் துணை போனால் அந்த இரவோடு தனியே நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய பயம். அது கோழைத்தனம் அல்ல.

ஆனால் அவருக்கு நான் சொல்லவேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. 2014இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஜெம்மா டெய்லர் என்பவரும் குழுவினரும் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புகைப்பதை விட்டவர்களின் பதற்றம், மனச்சோர்வு, மன அழுத்தம் எல்லாம் விடுவதற்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தன. தொடர்ந்து புகைத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. ஏற்கெனவே மனநோய் இருந்தவர்களிலும் இதே போக்குத்தான். கிடைத்த முன்னேற்றம் மனச்சோர்வுக்குக் கொடுக்கிற குளிசைகளின் பயனுக்குக் குறைந்ததல்ல என்றும் எழுதினார்கள். துக்கத்துக்கு மருந்தென்று நினைத்துப் பத்துகிறது துக்கத்தின் மேல் இன்னொரு பதற்றத்தை நாளுக்குப் பத்துத் தரம் ஏற்றிவைக்கிறது. விட்டால் துக்கம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. பறிகொடுத்த பிள்ளை பறிகொடுத்த பிள்ளைதான். ஆனால் அந்தத் துக்கத்தைச் சுமக்கிற நெஞ்சில் இந்த வேறு பாரம் இருக்காது.

சிகரெட் உண்மையாகவே தருகிற ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுச் சத்தத்திலிருந்து எழும்பி, படலைக்கு வெளியே, மரத்துக்குக் கீழே ஐந்து நிமிடம் தனியே நிற்பதற்கு அது ஒரு சாட்டு. மூச்சை ஆழ இழுத்து விடுவதற்கு ஒரு சாட்டு. பக்கத்து வயல்காரனோடு வரம்பில் இருந்து நாலு கதை கதைப்பதற்கு ஒரு சாட்டு. அந்த ஐந்து நிமிடம் உங்களுக்கு வேண்டும். அதை விடாதீர்கள். சிகரெட்டை விட்டவர் அதோடு சேர்த்து அந்த ஐந்து நிமிடத்தையும் விட்டுவிட்டு, வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்து வெந்துபோவதைக் கண்டிருக்கிறேன். மரத்தடிக்குப் போங்கள். மூச்சை இழுத்து விடுங்கள். வீட்டுக்காரரும் அவரைப் போகவிடுங்கள்.

நித்திரையில்லாத இரவும், திரும்பத் திரும்ப வருகிற பயங்கரக் கனவும், சாகலாம் என்ற எண்ணமும் இருக்கிறவர்கள் அதற்கென்று தனியாக வைத்தியரைக் காண வேண்டும். தருமபுரம் வைத்தியசாலைக்கோ கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போய்ச் சொல்லுங்கள். மனநோய்க்குக் குளிசை எடுக்கிறவர்கள் சிகரெட்டை விடப்போகிறோம் என்பதை வைத்தியருக்கு முன்பே தெரிவியுங்கள், சில குளிசைகளின் அளவை மாற்ற வேண்டிவரும்.

“மூளை வேலை செய்யாது” என்று பயப்படுகிற ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் உண்டு. அந்தப் பயம் பெரிய மனிதர்களையும் விடவில்லை. மனித மனத்தின் பயங்களை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்ன சிக்மண்ட் பிராய்ட், சுருட்டில்லாமல் தன்னால் எழுத முடியாது என்று நம்பினார். 1923இல் வாயில் புற்றுநோய் கண்டது. முப்பதுக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள். அதற்குப் பிறகும் சுருட்டை விடவில்லை. 1939இல் இறந்தார்.

உடம்பு தாங்காது என்ற பயத்துக்கு வருகிறேன். “இன்னார் பாருங்கோ, நாப்பது வருசம் சுருட்டுப் பத்தினவர், ஒண்டும் வரேல்லை. விட்டு மூண்டு மாசத்தில செத்துப்போனார்” என்று ஊருக்கு ஊர் ஒரு கதை இருக்கும். கதை பொய்யாக இருக்காது. ஆனால் அவர் ஏன் விட்டார் என்று கேளுங்கள். நெஞ்சு நோகத் தொடங்கியிருக்கும், இருமலில் இரத்தம் வந்திருக்கும், நடக்க இளைத்திருக்கும். நோய் வந்ததால் விட்டார். விட்டதால் நோய் வரவில்லை. விட்ட பிறகு சில கிழமைக்கு இருமல் கூடலாம், சளி வரலாம். புகை முடக்கிவைத்திருந்த சுவாசக்குழாயின் நுண்ணிய மயிர்கள் மறுபடி வேலை செய்து அழுக்கை வெளியே தள்ளுகிற இருமல் அது. மலச்சிக்கல் சில நாள் இருக்கும். தண்ணீர், பழம், கீரை போதும். நிறை கொஞ்சம் கூடும். ஒரு வருடத்தில் நான்கு, ஐந்து கிலோ என்பது சராசரி. வயல் வேலை செய்கிற உடம்புக்கு அது பெரிய காரியமா?

ஒரேயடியாக விடுவது ஆபத்தா? புகையிலையைப் பொறுத்தவரை இல்லை. 2016இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 700 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். பாதிப் பேர் இரண்டு கிழமையில் படிப்படியாகக் குறைத்து விட்டார்கள், பாதிப் பேர் குறித்த நாளில் ஒரேயடியாக விட்டார்கள். நான்கு கிழமை கழித்துப் பார்த்தால், ஒரேயடியாக விட்டவர்களில் நூற்றுக்கு 49 பேர் புகைக்காமல் இருந்தார்கள், படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 பேர். ஆனால் கள்ளோ சாராயமோ கசிப்போ நெடுநாளாக அளவு மீறிக் குடிக்கிறவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் தடுமாறலாம். அதை வைத்தியரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

“வயசு போட்டுது, இனி விட்டென்ன” என்கிற ஐயாமாருக்கும் ஒரு சொல். பிரித்தானிய வைத்தியர்களைத் தொடர்ந்து கவனித்து ரிச்சர்ட் டோலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 50 வருடக் கணக்கு 2004இல் வெளிவந்தது. 30 வயதில் விட்டவருக்கு ஏறத்தாழ 10 வருட ஆயுள் மிச்சம். 40இல் விட்டால் 9 வருடம். 50இல் விட்டால் 6. அறுபதில் விட்டவருக்கும் 3 வருடம் கிடைத்தது. பேரப்பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போவதைக் காண மூன்று வருடம் போதும்.

எனக்கு மிகவும் கவலை தருகிற பயம் இன்னொன்று. தோற்றுப்போகிற பயம். “விட்டுட்டன் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பப் பத்தினா சனம் சிரிக்கும்.” ஆகவே களவாக விடப் பார்க்கிறார்கள், ஒருவருக்கும் சொல்வதில்லை. ஒருவருக்கும் தெரியாததால் ஒருவரும் துணைக்கு இல்லை. கூட்டாளி வழமைபோல நீட்டுகிறார், வாங்கிவிடுகிறார்கள். சிரிக்கிற சனத்துக்கு நான் சொல்வது: விட்டவர்களில் பெரும்பாலானோர் பல தரம் முயன்று, பல தரம் விழுந்து, பிறகு விட்டவர்கள்தான். விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறவர் அவர் அடுத்த தரம் எழும்பாமல் இருக்க உதவி செய்கிறார். முக்கியமாக வீட்டுப் பெண்களிடம் கேட்கிறேன். “உங்களால ஏலாது” என்ற சொல்லை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் கோபம் நியாயமானது. புகைக்காமலே அந்தப் புகையைச் சுவாசிக்கிறவர்கள் நீங்களும் பிள்ளைகளும். இருந்தாலும் விரதத்துக்கு எப்படி வீட்டை மாற்றுகிறீர்களோ, அப்படி ஒரு மாதம் மாற்றிப் பாருங்கள்.

எப்படிச் செய்வது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாளைக் குறியுங்கள், இரண்டு கிழமைக்கு மேல் தள்ளாமல். வெள்ளிக்கிழமையோ, அப்பா அம்மாவின் திவச நாளோ, உங்களுக்கு மனம் பொருந்துகிற நாள். முதல் நாள் இரவே வீட்டிலும் மோட்டார் சைக்கிளிலும் காவல் கொட்டிலிலும் இருக்கிற சிகரெட்டை, பீடியை, லைட்டரைத் துப்புரவாக எடுத்துவிடுங்கள். மூன்று பேருக்காவது சொல்லுங்கள். முதல் மூன்று நாள் கடினம், அதை மறைக்க மாட்டேன். தவனம் அலையாக வரும், சில நிமிடத்தில் இறங்கும். அந்த நேரத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், நெல்லிக்காய் கடியுங்கள், எழும்பி நடவுங்கள். பிளேன்ரீயோடு பத்துகிற பழக்கமானால் முதல் மாதம் அந்தப் பிளேன்ரீயை வேறு இடத்தில் இருந்து குடியுங்கள். சிகரெட்டுக்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை போடாதீர்கள், அது அதே நிக்கொட்டின், வாய்ப் புற்றுநோய்க்கு நேர்வழி. எழும்பின கையோடு பத்துகிறவர்களுக்கும், நாளுக்கு இருபது முப்பது பத்துகிறவர்களுக்கும் மருந்துத் துணை தேவைப்படலாம். நிக்கொட்டின் சுவிங்கம், தோலில் ஒட்டுகிற பட்டை, குளிசைகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் இவற்றைப் பரிந்துரைத்திருக்கிறது. வைத்தியரிடம் கேளுங்கள். மருந்து எடுத்து விடுவது குறைந்த வெற்றி அல்ல.

காசுக் கணக்கையும் ஒருதரம் பார்ப்போம். ஒரு சிகரெட் நூறு ரூபாயைத் தாண்டிக் கனகாலம். நூறென்றே வைத்தாலும், நாளுக்குப் பத்துப் பத்தினால் ஆயிரம் ரூபாய். வருடத்துக்கு 3,65,000. 2025இல் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் குறித்த உத்தரவாத விலை கிலோ 120 ரூபாய். ஆக, 3,000 கிலோவுக்கு மேல் நெல். இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்குக் காத்திருந்து, உழுது, விதைத்து, உரம் போட்டு, பன்றிக்கும் யானைக்கும் காவலிருந்து எடுத்த நெல்.

ஊருக்கும் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் செத்தவீடுகளில் வெற்றிலைத் தட்டத்தோடு சுருட்டும் பீடியும் சிகரெட்டும் வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. துக்கம் கேட்க வருகிறவருக்கு வீட்டுக்காரர் செய்கிற மரியாதை என்று அது தொடங்கியிருக்கும். புற்றுநோயில் செத்தவரின் பந்தலிலும் அந்தத் தட்டத்தைக் கண்டிருக்கிறேன். விட்டு இரண்டு கிழமையான ஒருவர் அந்தப் பந்தலில், துக்கத்தின் நடுவில், நீட்டிய தட்டத்துக்கு எப்படி முகம் கொடுப்பார்? கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கோயில் சபைகளும் சேர்ந்து முடிவெடுத்தால் இந்த வருடத்தோடு அதை நிறுத்தலாம். வெற்றிலை இருக்கட்டும், புகையிலைச் சாமான் வேண்டாம்.

கடைக்கார முதலாளிமாருக்கும் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றம். தகப்பன் அனுப்பினார் என்று வருகிற பிள்ளைக்கும் கொடுக்க முடியாது. சட்டத்துக்கு மேலேயும் போனவர்கள் இருக்கிறார்கள். 2018இல் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் முயற்சியால் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் வியாபாரிகள் தாங்களாகவே சிகரெட் விற்பதை நிறுத்தினார்கள். அதில் முன்னுக்கு நின்றது பக்கத்தில் இருக்கிற யாழ்ப்பாண மாவட்டம். அங்கே முடிந்தது பரந்தனிலும் கண்டாவளையிலும் புளியம்பொக்கணையிலும் முடியும்.

தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபை, விட விரும்புகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல 1948 என்ற தொலைபேசி இலக்கத்தை வைத்திருக்கிறது. கைத்தொலைபேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். கூட்டம் முடிந்த பிறகு நான் உடனே போகமாட்டேன். நாள் குறிக்க விரும்புகிறவர்கள் வாருங்கள், இருந்து கதைப்போம். தனியே வர ஒருமாதிரி இருந்தால் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டு பேரும் ஒரே நாளைக் குறிக்கலாம்.